இடது பக்கம் இழுக்கும் விமானம்

எனக்குச் சந்தேக புத்தி அதிகம். வீட்டில் இதைக் குறையென்று சொல்வார்கள், அலுவலகத்தில் இதற்காகத்தான் என்னை வைத்திருக்கிறார்கள். தூத்துக்குடியில் ஏற்றுமதிச் சரக்குகளின் தாள்களைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. மூட்டைகளின் எண்ணிக்கை ஒரு தாளில் ஒன்றாகவும் அடுத்த தாளில் வேறாகவும் இருந்தால் கப்பல் கிளம்புவதற்குள் நான் கண்டுபிடித்தாக வேண்டும். பதினெட்டு வருடம் இதையே செய்தால் யாருக்கும் புத்தி இப்படித்தான் ஆகும். பால் பாக்கெட் வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெத்தென்று இருந்தால்கூட, கடைக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன்.

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். கப்பலுக்கும் லாரிக்கும் நடுவே கண்டெய்னரைத் தூக்கி இறக்கும் பெரிய கிரேன். கீழே நின்று பார்த்தால் கூண்டுக்குள் இருப்பவரின் முகம் தெரியாது, தலை மட்டும் தெரியும். நான் சொல்லப்போவது அந்தக் கூண்டைப் பற்றியும், நாங்கள் இருவரும் சேர்ந்து கணினியில் கட்டிய ஒரு விமானத்தைப் பற்றியும். விமானம் வெறும் விளையாட்டுதான். ஆனால் அது இல்லாமல் இருந்திருந்தால் ஒரு மனிதனின் வேலையும் மானமும் போயிருக்கும், போகக் காரணமானவர்களில் நானும் ஒருத்தியாக இருந்திருப்பேன்.

மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபோது பழைய கணினியை எங்களுக்கு விட்டுவிட்டுப் போனாள். அதில் இந்த விளையாட்டு இருந்தது. இறக்கை, வால், எஞ்சின், சக்கரம் என்று பாகம் பாகமாக எடுத்து ஒட்டி, நமக்கு வேண்டிய மாதிரி விமானம் கட்டலாம். கட்டியதை ஓடுபாதையில் நிறுத்தி ஓட்டலாம். தப்பாகக் கட்டியிருந்தால் அது தூக்காது, அல்லது தூக்கிய வேகத்தில் விழுந்து நொறுங்கும். நொறுங்கினால் ஒரு பட்டனைத் தட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து.

வேலை தானாகவே இரண்டாகப் பிரிந்துகொண்டது. கட்டுவது நான், ஓட்டுவது அவர். இருபத்திரண்டு வருடம் லீவரைப் பிடித்த கை அவருடையது. ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கிக் கொடுத்ததும், அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஏதோ சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் சிரித்தார். கட்டுகிற பக்கம் அவர் வரவே மாட்டார். அதற்கு முன்னால் உட்கார்ந்தால் தூக்கம் வருகிறதாம்.

முதல் விமானத்தில் நாங்கள் செய்த தப்பை மதுரைக்காரர்களோ கோயம்புத்தூர்காரர்களோ செய்திருக்க மாட்டார்கள். கப்பலில் சரக்கு ஏற்றும்போது பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். அப்போதுதான் கப்பல் சொன்ன பேச்சைக் கேட்கும். அவர் அதைச் சொன்னார், நானும் தாள்களில் அந்தக் கணக்கைப் பார்த்துப் பழகியவள் என்பதால் தலையை ஆட்டினேன். பாரத்தை எல்லாம் வால் பக்கம் ஏற்றினேன். விமானம் எழும்பியது, மூக்கைத் தூக்கியது, இன்னும் தூக்கியது, அப்படியே மல்லாந்து விழுந்தது. ஒரு நாள் முழுக்க மல்லாந்துகொண்டே இருந்தது. விளையாட்டைச் செய்தவனுக்குக் கணக்குத் தெரியவில்லை என்று இருவரும் சேர்ந்து முடிவுகட்டினோம். எனக்கு இன்னும் ஒரு படி மேலே போய், மகள்தான் எதையோ மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று சந்தேகம். போன் போட்டு அவளைத் திட்டவும் செய்தேன்.

ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்தது. திரையில் சிவப்பு உருண்டை ஒன்றும் நீல உருண்டை ஒன்றும் தெரியும். சிவப்பு, மொத்த எடையும் குவியும் இடம். நீலம், இறக்கைகளின் தூக்கும் விசை குவியும் இடம். சிவப்பு நீலத்துக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் மல்லாத்திவிடும். நான் பாரத்தை மூக்குப் பக்கம் நகர்த்தினேன், விமானம் நேராகப் பறந்தது. அவருக்கு மட்டும் கடைசிவரை மனசு ஒப்பவில்லை. கப்பலுக்கு ஒரு நியாயம் ஏரோப்பிளேனுக்கு ஒரு நியாயமா என்று ரெண்டு நாள் முனகிக்கொண்டு திரிந்தார்.

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். ரெண்டு எஞ்சின் வைத்த ஒரு சரக்கு விமானத்தை மாதக்கணக்கில் செதுக்கினேன். இறக்கையை அரைக் கட்டம் முன்னால் தள்ளுவேன், வாலை ஒரு டிகிரி சாய்ப்பேன், அவரைக் கூப்பிட்டு ஓட்டச் சொல்வேன். இறங்கும்போது மூக்கு குத்துகிறது என்பார், திருத்துவேன். ஒவ்வொரு திருத்தத்தையும் தனி எண் போட்டுச் சேமித்தேன். பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவது எங்கள் தொழிலில் பெரிய குற்றம். நான்காம் எண் விமானம் வந்தபோது, அதைத் தரையிறக்கிவிட்டு அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். “இனி இதுல கைய வைக்காத, ஏளா. தானா எறங்குது,” என்றார். அந்தப் பேச்சை நான் அலுவலகத்தில் இரண்டு பேரிடம் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் கை வைக்க வேண்டி வந்தது. சாயர்புரத்தில் அவருடைய ஊர் வேதக்கோயிலில் அசன விருந்து முடிந்து ஒரு வாரம் இருக்கும். விமானம் இடது பக்கம் இழுக்கிறது என்றார். ஓடுபாதையின் இடது ஓரத்துக்கே போய் விழுகிறது என்றார்.

கிரேன்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கூண்டில் உட்கார்ந்திருப்பவன் பாரம் இழுக்கிறது என்று சொன்னால் பாரம் இழுக்கிறது, அவ்வளவுதான். கீழே நிற்பவர்கள் எதிர்த்துக் கேட்க மாட்டார்கள். பாரத்தின் கட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவார்கள். சீட்டில் இருப்பவனுக்குத்தான் பாரத்தின் குணம் தெரியும் என்பது அங்கே சட்டம். கல்யாணமான நாளிலிருந்து அதைக் கேட்டே வளர்ந்த வீடு எங்களுடையது. அதனால் நானும் கேள்வி கேட்காமல் விமானத்தைத் திருத்தினேன். ஊர் உலகத்தையெல்லாம் சந்தேகப்படுகிற நான் இதை மட்டும் சந்தேகப்படவில்லை.

வலது இறக்கையின் நுனியில் ஒரு சின்ன எடையை வைத்தேன். இன்னும் இழுக்கிறது என்றார். இடது எஞ்சினுக்கு விசையைக் கூட்டினேன். பரவாயில்லை, ஆனாலும் இழுக்கிறது என்றார். இடது இறக்கையை ஒரு டிகிரி தூக்கி வைத்தேன். திரையின் இடது மூலையில் வேகமும் உயரமும் எண்ணாக ஓடும். அந்த எண்களைக் காணோம், விளையாட்டை அப்டேட் செய்யும்போது எடுத்துவிட்டார்களா என்று ஒரு நாள் கேட்டார். நான் சமையல்கட்டில் இருந்தேன், அப்படித்தான் இருக்கும் என்று அங்கிருந்தே சொன்னேன். அடுத்த திருத்தத்தில் வலது பக்கம் பெரிதாக ஒரு வேகமானி வைத்துக் கொடுத்தேன். இப்படியே இருபத்து மூன்றாம் எண்வரை போனது. கடைசியில், இப்போது நேராகப் போகிறது என்று அவர் சொன்னபோது எனக்கு அப்படி ஒரு திருப்தி.

அந்த மாதத்தில்தான் துறைமுகத்தில் அது நடந்தது. அவர் இறக்கிய கண்டெய்னரின் ஒரு மூலை கீழே நின்ற லாரியின் முன்பக்கத்தை நசுக்கிவிட்டது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்ததால் பிழைத்தார். கீழே நின்று கையசைத்து வழிகாட்ட ஒரு சிக்னல்மேன் உண்டு. மற்ற நாளில் வாக்கிடாக்கியிலும் பேசுவார், அன்றைக்கு அவருடைய வாக்கிடாக்கியில் சார்ஜ் போய்விட்டது. கையசைப்பை மட்டும் நம்பி வேலை நடந்திருக்கிறது. சிக்னல்மேன் தன் இடத்தில் இல்லை, அதனால்தான் இடித்தது என்று என் கணவர் சொன்னார். நான் அங்கேதான் நின்று கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னேன் என்று சிக்னல்மேன் சொன்னார். அங்கிருந்த கேமரா லாரி வரும் வழியை மட்டும் பார்ப்பது. மற்ற தொழிலாளிகள் கவனிக்கவில்லை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். சீட்டில் இருந்தவர் பேச்சுத்தான் எடுபட்டது. சிக்னல்மேனை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை என் கணவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் சிக்னல்மேனின் கேட் பாஸை ரத்து செய்வதாக ஏற்பாடு. கேட் பாஸ் போன ஆளை வேறு எந்தக் கான்டிராக்டரும் உள்ளே எடுக்க மாட்டார்.

சிக்னல்மேனின் மனைவி மில்லர்புரத்தில் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். மீன் பதப்படுத்தும் கம்பெனியில் வேலை பார்ப்பவள், வேலை முடிந்து அப்படியே வந்திருந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்று பேசினாள்.

“அவுக நின்ன எடத்த விட்டு அசையல, அக்கா. கைய மேல தூக்கிக் காட்டிக்கிட்டேதான் இருந்தாவளாம். அண்ணாச்சி அவுகளப் பாத்துக்கிட்டேதான் எறக்குனாவளாம்.”

இந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்று ஏறியது. பார்த்துக்கொண்டே ஒரு மனுஷன் ஏன் இறக்கப்போகிறான்? உன் வீட்டுக்காரர் போனைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார், அதை மறைக்க இப்படி ஒரு கதையா என்று கேட்டுவிட்டேன். அவள் திரும்பி நடந்தாள். அவளை உள்ளே கூப்பிடவில்லை, குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவரிடம் சொன்னேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னார். “பொய் சொல்லுதான். நான் பாத்தேன், அங்கன ஆளே இல்ல.” சொல்லிக்கொண்டே கையை நீட்டியவர், இடது பக்கம் இருந்த தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டார். அந்த மாதத்தில் அது மூன்றாவது தடவை.

அப்போதுதான் என் தொழில் புத்தி வீட்டுக்குள் வந்தது. பைக்கின் இடது இண்டிகேட்டர் உடைந்திருந்தது. ஸ்டாண்டில் யாரோ இடித்துவிட்டான் என்றிருந்தார். இடது தோளில் ஒரு கன்றிப்போன தடம். கேட்டால் கதவு இடித்தது என்றார். செம்பு விழுகிறது, விமானம் விழுகிறது, கண்டெய்னர் இடிக்கிறது. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் ஒரே காரணம்தான் வந்தது. மனுஷன் மறுபடியும் குடிக்கிறார்.

மகள் பிறந்த வருடம் விட்டது. நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். பத்தொன்பது வருடம் கழித்து அந்தச் சனியன் திரும்ப வந்துவிட்டது என்று நினைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சட்டைகளை மோந்து பார்த்தேன். டீசலும் வியர்வையும்தான் வந்தன. பைக்கின் பெட்டியைத் துழாவினேன். மழைக்கோட்டு, ஒரு ஸ்பானர், ஒரு பொட்டலம் இருமல் மிட்டாய். இருமாத மனுஷனுக்கு இருமல் மிட்டாய் எதற்கு? வாய் நாற்றத்தை மறைக்கத்தான். மூன்று நாள் அந்த மிட்டாயை எண்ணிக்கொண்டு வந்தேன். எண்ணிக்கை குறையவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

விமானத்தின் இருபத்து மூன்றாம் எண்ணை நான் விளையாட்டின் பொதுத் தளத்தில் ஏற்றியிருந்தேன். யார் வேண்டுமானாலும் இறக்கி ஓட்டலாம். அந்த வெள்ளிக்கிழமை, எந்த நாட்டுக்காரரோ தெரியவில்லை, ஒருவர் கீழே இரண்டு வரி எழுதியிருந்தார். அழகான விமானம், ஆனால் கையை எடுத்தால் வலது பக்கம் உருண்டு விழுகிறது, வேண்டுமென்றே இப்படிக் கட்டினீர்களா என்று கேட்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்த ஆளுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று எழுதப்போனேன். எழுதுவதற்கு முன் ஒரு தடவை நானே ஓட்டிப் பார்ப்போம் என்று தோன்றியது. அத்தனை மாதத்தில் நான் அதை முழுசாக ஓட்டியதே இல்லை, அது அவர் வேலை. எழும்பியதும் விமானம் வலது பக்கம் சாய்ந்தது. நான் இடது பக்கம் இழுத்துப் பிடித்தும் நிற்கவில்லை. ஓடுபாதையைத் தாண்டிக் கடலுக்குள் போய் விழுந்தது. நான்காம் எண்ணை எடுத்து ஓட்டினேன். எனக்கே நேராகப் பறந்தது.

அப்படியென்றால் விமானம் இடது பக்கம் இழுக்கவே இல்லை. இழுக்கிறது இழுக்கிறது என்று சொல்லி என்னைப் பத்தொன்பது தடவை திருத்த வைத்திருக்கிறார். எதற்கு என்று தெரியவில்லை. என்னைக் கேலி செய்வதற்கா, நான் கணினியே கதியென்று கிடந்தால் அவர் இஷ்டத்துக்கு வெளியே போய் வரலாம் என்பதற்கா? இதில் பொய் சொன்னவர் சிக்னல்மேன் விஷயத்திலும் சொல்லியிருப்பார் என்று என் மனசு அடுத்த படிக்குத் தாவியது. கேட்டில் நின்ற அந்தப் பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது. திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

சனிக்கிழமை அவருக்கு விடுமுறை. காலையிலிருந்து அவரை என் கண்ணைவிட்டு நகர விடவில்லை. குளிக்கப் போனபோதுகூட வெளியே துணி மடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சொட்டும் குடிக்கவில்லை என்று பைபிள் மேல் கைவைத்துச் சொல்லுவேன். சாப்பாட்டுக்குப் பிறகு புதிதாகத் திருத்தியிருக்கிறேன் என்று சொல்லி அவரை உட்கார வைத்தேன். கொடுத்தது அதே பழைய நான்காம் எண். தானாக இறங்குகிறது என்று அவரே மெச்சியது. பெயரை மட்டும் மாற்றியிருந்தேன்.

திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்கிற முகம் எனக்குத் தெரியும், தினமும் அலுவலகத்தில் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும். இது அந்த முகம் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, கழுத்து வியர்க்க, மனுஷன் உயிரைக் கொடுத்து ஓட்டினார். விமானம் ஓடுபாதையின் இடது ஓரத்தில் போய் இறக்கை தட்டி நொறுங்கியது.

“இன்னும் இழுக்கு, ஏளா,” என்றார்.

என் கோபம் அந்த இடத்தில் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாகப் பயம் வந்தது. இவர் பொய் சொல்லவில்லை. விமானமும் பொய் சொல்லவில்லை. ரெண்டு தாளும் சரி, ஆனால் கணக்கு உதைக்கிறது. நான் மறுபடியும் கணினியை என் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு நிமிஷம் பொறுங்கள் என்றேன். இடது இறக்கை முழுவதையும் ரோஸ் நிறமாக்கினேன். அதன் நுனியில் வாளி மாதிரி ஒரு பெரிய உருளையையும் ஒட்டினேன். யார் பார்த்தாலும் சிரிப்பார்கள். ஓடுபாதையில் நிறுத்திவிட்டு அவரிடம் கொடுத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து விமானத்தைப் பார்த்தபடி ஒரு சுற்றுப் பறந்தார், இடது ஓரத்தில் கொண்டுபோய் விழவைத்தார். பார்க்க எப்படி இருக்கிறது என்று கேட்டேன். எப்போதும்போலத்தான் இருக்கிறது, நிறம் ஏதாவது மாற்றியிருக்கலாமே என்றார்.

ரோஸ் நிறத்தையும் வாளியையும் வலது இறக்கைக்கு மாற்றினேன். கொடுத்த உடனே, ஜாய்ஸ்டிக்கைத் தொடுவதற்கு முன்பே கேட்டார், இது என்ன வலது றெக்கையில் ரோஸ் கலர், சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி என்று.

அவரை என் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னேன். என் மூக்கை மட்டும் பாருங்கள், கண்ணை அசைக்கக் கூடாது என்றேன். சிரித்துக்கொண்டே பார்த்தார். ஒரு சில்வர் டம்ளரை அவருடைய இடது பக்கத்திலிருந்து மெதுவாகக் கொண்டுவந்தேன். தெரிந்ததும் சொல்லுங்கள் என்றேன். அவர் சொல்லவில்லை. இடது காதைத் தாண்டி வந்தது, கன்னத்துக்கு நேராக வந்தது, இன்னும் சொல்லவில்லை. என் மூக்குக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் திடுக்கிட்டார். அது எங்கேயிருந்து வந்தது என்று கேட்டார். திரும்பவும் செய்யச் சொன்னார். மூன்று தடவை செய்தேன். அதற்குப் பிறகு ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, மற்றதைப் பொத்திக்கொண்டு, அவரே செய்து பார்த்தார்.

நான் அழ ஆரம்பித்திருந்தேன். கண்ணைப் பற்றியோ வேலையைப் பற்றியோ ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் டம்ளரை மேஜையில் வைத்தார்.

“அப்ப அவன் கையத் தூக்கிக்கிட்டு அங்கனதான் நின்னிருக்கான்,” என்றார்.

நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். கண் சரியில்லை என்று லீவு போட்டுவிடுங்கள், வைத்தியம் பார்ப்போம், அந்தச் சிக்னல்மேன் பேச்சை எதற்கு இப்போது எடுக்க வேண்டும் என்றேன். அடுத்தவர் தாளில் ஒரு எழுத்துத் தப்பினாலும் விடாத நான், என் வீட்டுத் தாளில் ஒரு மனுஷனையே கோடு போட்டு அடிக்கப் பார்த்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். முழுசாகத் தலையைத் திருப்பிப் பார்த்தார், இனி அப்படித்தான் பார்க்க முடியும்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனோம், ஆட்டோவில். அவர் பைக் சாவியை எடுத்தார், நான் பிடுங்கிக்கொண்டேன். இத்தனை மாதமாக அந்த பைக்கின் பின்னால் உட்கார்ந்துதான் நான் கோயிலுக்குப் போய்வந்திருக்கிறேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், கண்ணில் குறை இல்லை, மூளையின் பின்பக்கம் சின்னதாக ஒரு ரத்த அடைப்பு வந்து போயிருக்கிறது என்றார். இரண்டு கண்ணுக்குமே இடது பாதி தெரியாது, ஆனால் தெரியவில்லை என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது என்றும் சொன்னார். எப்போதிலிருந்து என்று கேட்டார். ஒரு மாதம் இருக்கும் என்றார் இவர். ஐந்து மாதம் என்றேன் நான். ஐந்தாம் எண் விமானத்தைச் சேமித்த தேதி என்னிடம் இருந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னால், அசனத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தவர், தலைவலி மண்டையைப் பிளக்கிறது என்று வாளியை வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். வெயில் என்று நினைத்து மோர் கொடுத்திருந்தேன்.

ஐந்து மாதமும் அவர் கூண்டில் ஏறியிருக்கிறார். வாக்கிடாக்கியில் சிக்னல்மேன் பேசிய பேச்சுத்தான் அத்தனை பேரையும் காப்பாற்றியிருக்கிறது. இங்கே வீட்டில், விமானம் விழ விழ நான் அதை அவர் கண்ணுக்குத் தக்கபடி வளைத்து வளைத்துக் கொடுத்திருக்கிறேன். முதல் தடவையே நான் மறுத்திருந்தால், விமானத்தில் ஒன்றும் இல்லை உங்களிடம்தான் ஏதோ இருக்கிறது என்று சண்டை பிடித்திருந்தால், ஐந்து மாதத்துக்கு முன்பே தெரிந்திருக்கும். சந்தேகப்பட வேண்டிய ஒரே இடத்தில் நான் சந்தேகப்படாமல் விட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரமாக வருகிறது.

டாக்டர் அட்மிட் ஆகச் சொன்னார். ஒரே ஒரு மணி நேரம் வெளியே போய்வர வேண்டும் என்று இவர் கெஞ்சி, ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுமதி வாங்கினார். முத்தையாபுரத்தில் சிக்னல்மேனின் வீடு. சந்துக்குள் ஆட்டோ போகாது. இடது பக்கம் நான் நடந்தேன், அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அந்தப் பெண்தான் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் விலகி வழிவிட்டாள். சிக்னல்மேன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். முப்பது வயதுக்குள் இருக்கும், நான் நினைத்ததைவிடச் சின்ன ஆள். என் கணவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். விமானம், ரோஸ் நிற இறக்கை, டம்ளர், ஸ்கேன். நாளைக்கு ஆபீஸில் இதைச் சொல்லப்போவதாகவும், டாக்டர் எழுதிய தாளைக் காட்டப்போவதாகவும், இனி தான் கிரேனில் ஏற முடியாது என்றும் சொன்னார்.

சிக்னல்மேன் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டாலும் நியாயம்தான். அவர் இரண்டும் செய்யாமல் மனைவியைப் பார்த்தார். அவள் அலமாரியிலிருந்து மடித்து வைத்த ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள். தப்பை ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தால் பாஸைப் பறிக்காமல் விடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சிக்னல்மேன் மூன்று நாள் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். நாளைக்குக் கொடுப்பதற்காக வைத்திருந்தது.

படித்தேன். தாள் படிப்பதுதானே என் தொழில். அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. கண்டெய்னர் இறங்கும் நேரத்தில் தாகம் எடுத்ததால் நான் என் இடத்தை விட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன் என்று இருந்தது. நீல நிறக் கேன் என்றும், தண்ணீர் வெந்நீராக இருந்தது என்றும், திரும்பி வரும்போது சத்தம் கேட்டது என்றும் இருந்தது. என்னிடம் வந்திருந்தால் ஒரு கேள்வி கேட்காமல் முத்திரை குத்தி அனுப்பியிருப்பேன்.

நடக்காததை ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்தார்.

“எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகமாயிட்டு, அண்ணாச்சி. இத எழுதுன பெறவு அந்தத் தண்ணி குடிச்சதே ஞாபகத்துல வருது.”

என் கணவர் அப்போதுதான் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். சிக்னல்மேனின் கையைப் பிடித்தார்.

“ஏலே, நீ எங்கயும் போகல. அங்கனதான் நின்ன,” என்றார். அதை அவர் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.